எவோரா நாட்குறிப்பு: நீல ஓடுகளில் பாடம் வரைந்த பல்கலைக்கழகம்

பிப்ரவரி 6, செவ்வாய் இரவு

லிஸ்பனில் வந்த வேலை நேற்றோடு முடிந்தது. ஊர் திரும்ப இன்னும் நான்கு நாள் இருக்கிறது. கூட வந்தவர்கள் எல்லாரும் கடற்கரைப் பக்கம் கிளம்ப, நான் மட்டும் காலையில் ரயில் ஏறி எவோரா வந்துவிட்டேன். ஒன்றரை மணி நேரப் பயணம்தான். தேஜு ஆற்றுப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஊர்கள் குறைந்து, இரண்டு பக்கமும் புல்வெளியும் தக்கை மரங்களுமாக ஆகிவிடுகிறது. அந்த மரங்களின் அடித்தண்டு செம்பழுப்பாக, தோல் உரித்த மாதிரி இருக்கும், அதில் வெள்ளைப் பெயிண்டில் ஒற்றை இலக்க எண் ஒன்று எழுதியிருக்கும். பட்டை உரித்த ஆண்டின் கடைசி இலக்கம் அது. ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறைதான் உரிக்கலாம் என்பதால் எந்த மரம் எப்போது தயார் என்று தெரிந்துகொள்ள இந்த ஏற்பாடு. ரயில் வேகத்தில் அந்த எண்களைப் படிக்க முயன்றதில் பாதி வழி போய்விட்டது.

எவோராவுக்கு எல்லாரும் வருவது ரோமானியக் கோயிலையும், பிரான்சிஸ்கன் தேவாலயத்தில் உள்ள எலும்புச் சிற்றாலயத்தையும் பார்க்க. 1986 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள நகரம். மதில் சுற்றிய பழைய ஊர், வெள்ளையடித்த வீடுகள், சன்னலையும் கதவையும் சுற்றி மஞ்சள் பட்டை. நான் வந்தது வேறு ஒன்றுக்காக. 1559ல் தொடங்கி 1759ல் மூடப்பட்ட பல்கலைக்கழகம் ஒன்று இங்கே இருந்தது, சேசு சபை என்கிற கத்தோலிக்கத் துறவற சபை நடத்தியது. சரியாக 200 ஆண்டு. அதன் கட்டடங்கள் இடியாமல் இன்னும் நிற்கின்றன என்று கேள்விப்பட்டதில் இருந்து பார்க்க வேண்டும் என்று மனதில் கிடந்தது.

காரணம் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது திருச்சி புனித வளனார் கல்லூரியில். அதுவும் சேசு சபையார் நடத்துவதுதான். 1844ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883ல் திருச்சிக்கு வந்தது என்பது அங்கே படித்த எல்லாருக்கும் தெரியும். ஆனால் முதல் வருடத்தில் எனக்கு ஒரு கேள்வி வந்தது. 1606லேயே அந்தச் சபையின் தெ நோபிலி மதுரைக்கு வந்துவிட்டார், அப்புறம் அருளானந்தர், வீரமாமுனிவர் என்று வரிசையாக வந்திருக்கிறார்கள், அப்படியிருக்க கல்லூரி தொடங்க ஏன் 1844 வரை ஆயிற்று? நடுவில் என்ன நடந்தது? எங்கள் வரலாற்று ஆசிரியரிடம் கேட்டேன். “நடுவுல அந்த சபையே இல்லப்பா” என்றார். பாதி வகுப்பு அன்றைக்கு அதிலேயே போனது. அவர் அன்று சொன்ன பெயர்களில் ஒன்று எவோரா.

ராத்திரி சாப்பாட்டைப் பற்றி எழுதாமல் தூங்க முடியாது. இந்த அலென்தேஜோ பகுதியின் ஏழை வீட்டுச் சாப்பாடு அசோர்டா. பூண்டு, கொத்தமல்லி, உப்பு மூன்றையும் நன்றாக இடித்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, அதன்மேல் கொதிக்கும் தண்ணீர் விட்டு, முந்தைய நாள் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, ஒரு முட்டையை உடைத்து வேகவைத்து மேலே வைத்துத் தருகிறார்கள். கிண்ணம் மேசைக்கு வருவதற்கு முன்னால் கொத்தமல்லி வாசனை வந்தது. பழைய சோற்றை வீணாக்காத வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சாப்பாட்டை விளக்க வேண்டியதில்லை.

பிப்ரவரி 7, புதன்

காலையில் மழை. குடையோடு கதீட்ரலைத் தாண்டி, ரோமானியக் கோயிலின் 14 தூண்களை ஒரு சுற்று பார்த்துவிட்டு, கிழக்கே சரியும் தெருவில் இறங்கினால் பல்கலைக்கழகம். வெளியில் இருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. நீளமான வெள்ளைச் சுவர், அவ்வளவுதான். வாசலில் சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார்கள். ஒரு வளைவைத் தாண்டினதும் திடீரென்று முற்றம் விரிகிறது. நாலு பக்கமும் இரண்டு அடுக்கு வளைவுத் தாழ்வாரம், மெல்லிய பளிங்குத் தூண்கள், நடுவில் நீரூற்று. எதிரே பளிங்கில் இழைத்த முகப்பு. பட்டமளிப்பும் வாத அரங்குகளும் நடந்த மண்டபம் அதற்குப் பின்னால்தான். இங்கிருந்து வடகிழக்கே எஸ்ட்ரெமோஸ் பக்கம் பளிங்குக் குவாரிகள் நிறைய, அதனால் எவோராவில் பளிங்கு ஆடம்பரம் இல்லை, பக்கத்து ஊர்க் கல்.

இதைக் கட்டத் தொடங்கியவர் கர்தினால் என்ரிக். மன்னர் மூன்றாம் ஜோவாவின் தம்பி, 1540 முதல் எவோராவின் முதல் பேராயர். 1551ல் சேசு சபையாரை அழைத்து வந்து தூய ஆவி கல்லூரியை ஆரம்பித்தார். சபைக்கே அப்போது 11 வயதுதான். ஆனால் அவருக்குக் கல்லூரி போதவில்லை, பல்கலைக்கழகம் வேண்டும். நாட்டில் அன்று இருந்த ஒரே பல்கலைக்கழகம் கொயிம்பிரா. 1557ல் அண்ணன் இறந்த பிறகு வேலை வேகம் பிடித்து, 1559 ஏப்ரலில் திருத்தந்தை நான்காம் பவுலின் ஆணை கிடைத்தது, அதே ஆண்டு நவம்பர் 1ல் திறப்பு விழா. எல்லாப் பாடமும் நடத்தலாம், மூன்றைத் தவிர: மருத்துவம், உரிமையியல் சட்டம், திருச்சபைச் சட்டத்தில் வழக்காடும் பகுதி. அந்த மூன்றும் கொயிம்பிராவிலேயே இருந்தன. இந்த என்ரிக்தான் பின்னால், அண்ணனின் பேரனான செபஸ்தியாவ் மன்னன் 1578ல் மொராக்கோ போரில் செத்துப்போனதும், வாரிசு இல்லாத நாட்டுக்கு 66 வயதில் ராஜாவாகி, 1580 ஜனவரியில் இறந்தார். அவரோடு அந்த வம்சம் முடிந்து போர்ச்சுகல் ஸ்பெயின் மன்னரின் கைக்குப் போனது. இரண்டு வருடம்கூட முழுதாக ஆளவில்லை. அவர் செய்ததில் நின்றது இந்தக் கட்டடம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, ஓடுகளுக்கு வருகிறேன். நான் நாள் முழுக்க நின்றது அங்கேதான்.

முற்றத்தைச் சுற்றி வகுப்பறைகள். ஒவ்வொரு அறையிலும் தரையில் இருந்து ஏறக்குறைய தோள் உயரம் வரை நீலமும் வெள்ளையுமான ஓட்டுச் சித்திரங்கள், இவர்கள் அசுலேஜோ என்கிறார்கள். 1740களில் பதித்தவை. சிறப்பு என்னவென்றால் எந்த அறையில் எந்தப் பாடம் நடந்ததோ அதற்கேற்ற படம் அந்த அறைச் சுவரில். தத்துவ அறையில் பிளாட்டோ சீடர்களுக்குப் பாடம் சொல்கிறார். இன்னொரு பக்கம் அரிஸ்டாட்டில் உட்கார்ந்திருக்க, எதிரே சிறுவன் அலெக்சாண்டர். இலக்கிய அறையில் வெர்ஜிலின் காவியத்துக் காட்சிகள். வடிவியலுக்கும் வானியலுக்கும் கருவிகளும் கோளங்களும். பாடப் புத்தகம் வாங்க முடியாத பையன்கூட சுவரைப் பார்த்தாலே அன்றைய பாடத்தில் பாதி புரிந்திருக்கும்.

அந்த ஓட்டை எப்படிச் செய்வார்கள் என்று லிஸ்பனில் ஒரு பட்டறையில் பார்த்திருந்தேன், அது இங்கே உதவியது. சுட்ட களிமண் ஓட்டின் மேல் வெள்ளீயம் கலந்த வெள்ளைப் பூச்சு பூசுவார்கள். அது காய்ந்து மாவு மாதிரி இருக்கும்போதே அதன் மேல் கோபால்ட் சாயத்தால் வரைய வேண்டும். பூச்சு சாயத்தை உடனே உறிஞ்சிவிடும், அழித்துத் திருத்த வழியில்லை. வரையும்போது நிறமும் சரியாகத் தெரியாது, மங்கலாக இருப்பது சூளைக்குப் போய் வந்த பிறகுதான் நீலமாகும். ஒரு ஓடு ஒரு சாண் அகலம்கூட இல்லை. ஒரு ஆள் உயரப் படத்துக்கு எத்தனை ஓடு வேண்டும் என்று பாருங்கள். பின்பக்கம் எண் போட்டு, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, இந்தச் சுவரில் வரிசை மாறாமல் பதித்திருக்கிறார்கள். அரிஸ்டாட்டிலின் கை ஒரு ஓட்டில் தொடங்கி நாலாவது ஓட்டில் முடிகிறது. விரல்கள் ஒன்றோடொன்று சரியாகச் சேர்கின்றன.

இதெல்லாம் அருங்காட்சியகத்தில் கயிறு கட்டி வைத்திருக்கவில்லை. அறையில் சாதாரண மேசை நாற்காலி, ஒரு புரொஜெக்டர், பலகையில் யாரோ அழிக்காமல் விட்ட சமன்பாடு. ஓரத்தில் பழைய ஆசிரியர் மேடை, தேவாலயப் பிரசங்க மேடை மாதிரி மரத்தில் செய்து உயரமாக ஏற்றியது, அப்படியே இருக்கிறது. ஒரு பெண் அதன் அடியில் உட்கார்ந்து லேப்டாப்பில் படித்துக்கொண்டிருந்தாள், தலைக்குப் பின்னால் பிளாட்டோ. இங்கே இப்போது தேர்வுக் காலம். படம் எடுக்கலாமா என்று சைகையில் கேட்டேன், சிரித்துக்கொண்டே தள்ளி உட்கார்ந்தாள். அவள் நகராமல் இருந்தாலே படம் நன்றாக இருந்திருக்கும், சொல்லத்தான் எனக்கு மொழி போதவில்லை.

ஒரு அறை மட்டும் உள்ளே போக முடியவில்லை, தேர்வு நடந்துகொண்டிருந்தது. கதவில் காகிதம் ஒட்டியிருந்தார்கள். நாளைக்குப் பார்க்கலாம்.

இங்கே யார் யார் பாடம் எடுத்தார்கள் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ஸ்பெயினில் இருந்து வந்த லூயிஸ் தெ மொலினா இங்கே நீண்ட காலம் இறையியல் கற்பித்தவர். கடவுளுக்கு எல்லாம் முன்னமே தெரியும் என்றால் மனிதனுக்குச் சுதந்திரம் எங்கே என்ற பழைய கேள்விக்கு அவர் ஒரு விடை எழுதினார், 1588ல் லிஸ்பனில் அச்சானது. டொமினிக்கன் சபையாருக்கு அது பிடிக்கவில்லை. சண்டை ரோம் வரை போய், 1597 முதல் 1607 வரை விசாரணை நடந்து, கடைசியில் திருத்தந்தை இரு தரப்பும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லக் கூடாது என்று நிறுத்திவைத்தார். இதே மொலினா அடிமை வியாபாரத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார். ஆப்பிரிக்காவில் மனிதர்களை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று வியாபாரிகள் விசாரிப்பதே இல்லை என்று கடுமையாக. அடிமை முறையையே ஒழிக்க வேண்டும் என்கிற அளவுக்கு அவர் போகவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அடிமைக் கப்பல்கள் வந்து சேரும் நாட்டில் உட்கார்ந்துகொண்டு அதை எழுதியிருக்கிறார்.

இன்னொருவர் மதேரா தீவுக்காரர் மனுவேல் ஆல்வாரிஸ். இங்கே தலைவராக இருந்து 1583ல் இந்த ஊரிலேயே இறந்தவர். அவர் எழுதிய லத்தீன் இலக்கணம் 1572ல் வந்தது. 1599ல் சேசு சபை தன் பள்ளிகளுக்கெல்லாம் பொதுவாகப் பாடத்திட்டம் போட்டபோது இந்த இலக்கணத்தைப் பரிந்துரைத்தார்கள். அதற்கு முன்பே 1594ல் ஜப்பானில் அமகுசாவில் இதை அச்சிட்டிருக்கிறார்கள். நம் வீரமாமுனிவர் சிறுவனாகப் படித்தது இத்தாலியில் மாந்துவாவில், சேசு சபைப் பள்ளியில்தான். அவர் கையிலும் இந்த எவோராக்காரரின் இலக்கணம் இருந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது. பின்னால் லத்தீனில் தமிழுக்கு இலக்கணம் எழுதிய கை அது.

திரும்பி வரும்போது கதீட்ரலுக்குள் ஒருமுறை போனேன், பழைய ஆர்கனைப் பார்க்க. ஜப்பானில் இருந்து நான்கு சிறுவர்கள் 1582ல் நாகசாகியில் கிளம்பி மக்காவ், மலாக்கா, கொச்சி, கோவா வழியாக இரண்டரை ஆண்டு பயணம் செய்து 1584ல் போர்ச்சுகலில் இறங்கினார்கள். ரோமுக்குப் போகிற வழியில் எவோராவில் தங்கி, இந்தக் கதீட்ரலில் அவர்களில் இருவர், இத்தோ மான்சியோவும் சிஜிவா மிகேலும், ஆர்கன் வாசித்தார்கள். ஊரே திரண்டதாம். ஜப்பானில் இருந்தும் சீனாவில் இருந்தும் சேசு சபையார் எழுதிய கடிதங்களின் பெரிய தொகுப்பு 1598ல் அச்சானதும் இந்த எவோராவில்தான். இத்தனை சின்ன ஊருக்கு அவ்வளவு தூரத்துத் தபால்.

பிப்ரவரி 8, வியாழன்

இன்றைய தேதிக்காகத்தான் பயணத்தையே இப்படி அமைத்தேன். 1759 பிப்ரவரி 8 அன்று குதிரைப்படை வந்து இந்தக் கல்லூரியைச் சுற்றி வளைத்தது.

பின்னணி கொஞ்சம் சொல்ல வேண்டும். 1755ல் லிஸ்பன் பூகம்பம். அதற்குப் பிறகு நாட்டின் அதிகாரம் முழுக்க ஒரு அமைச்சரின் கையில், பின்னாளில் பொம்பால் பிரபு என்று பெயர் பெற்றவர். சேசு சபையாரோடு அவருக்கு ஏற்கெனவே பகை, பெரும்பாலும் தென் அமெரிக்காவில் அவர்கள் நடத்திய பழங்குடிக் குடியிருப்புகளை ஒட்டியது. 1758 செப்டம்பர் 3 இரவு மன்னர் முதலாம் ஜோசே வண்டியில் போகும்போது யாரோ சுட்டார்கள். தாவோரா பிரபு குடும்பத்தைக் குற்றவாளி ஆக்கி 1759 ஜனவரியில் பொது இடத்தில் கொடூரமாகக் கொன்றார்கள். சபையாருக்கும் பங்கு உண்டு என்று சொல்லி அதே மாதம் சொத்துகளைப் பறிமுதல் செய்ய உத்தரவு. அடுத்த மாதம் இங்கே குதிரைகள். செப்டம்பர் 3ல், துப்பாக்கிச் சூடு நடந்து சரியாக ஒரு வருடம் கழித்து, நாட்டைவிட்டே வெளியேற்றும் சட்டம். ஆட்களைக் கப்பலில் ஏற்றிப் பாப்பரசரின் ஆட்சிப் பகுதியில், சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில் இறக்கிவிட்டார்கள். பலரை லிஸ்பனுக்குப் பக்கத்தில் சாவ் ஜுலியாவ் கோட்டையில் அடைத்தார்கள், உயிரோடு இருந்தவர்கள் 1777ல் மன்னர் இறந்த பிறகுதான் வெளியே வந்தார்கள்.

காலை ஒன்பது மணிக்கே முற்றத்தில் போய் உட்கார்ந்தேன். அந்த நாளை நினைவுகூர ஒரு பலகையோ பூவோ எதுவும் கண்ணில் படவில்லை. மாணவர்கள் காப்பிக் கோப்பையோடு நடமாடுகிறார்கள், யாரோ தேர்வு முடிந்து சத்தமாகப் போனில் பேசுகிறார்கள். நான் எண்ணிக்கொண்டிருந்தது ஓடுகளின் கணக்கை. 1740களில் பதித்தார்கள். 1759ல் மூடினார்கள். அத்தனை பணம், அத்தனை வேலை, வண்டி வண்டியாக ஓடு, எல்லாம் போட்டு இருபது வருடம்கூட அந்தச் சுவருக்கு முன்னால் நின்று பாடம் நடத்த அவர்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. மூடப்போகிறார்கள் என்று தெரிந்தவர் யாரும் இப்படி ஒரு சுவரைக் கட்ட மாட்டார்கள். இது என்னை உண்மையிலேயே வருத்தியது, 265 வருடம் ஆன விஷயம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

பத்தரை மணிக்கு எங்கள் ஆசிரியருக்குப் போன் செய்தேன். அங்கே மாலை நாலு மணி. ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

“சார், எவோராவில இருந்து பேசறேன்.”

“என்னப்பா சொல்ற, நிஜமாவா? உள்ள போனியா?”

“உள்ளதான் சார் உட்கார்ந்திருக்கேன். இன்னைக்கு பிப்ரவரி எட்டு.”

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “வீடியோ போடு, காட்டு” என்றார். போனைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரம் முழுக்க நடந்தேன். வகுப்பறைக் கதவு திறந்திருந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, அரிஸ்டாட்டில் படத்தை நிதானமாகப் பார்த்தார். “இதைத்தான்ப்பா அன்னைக்கு உங்களுக்கு வாயால சொல்லிட்டிருந்தேன். நான் பாத்தது கிடையாது” என்றார்.

அவர் அன்று வகுப்பில் சொன்னதன் தொடர்ச்சி இதுதான். லிஸ்பன் உத்தரவு கோவாவுக்கும் போனது. அங்கே இருந்த சபையாரைக் கைது செய்து கப்பலில் ஏற்றினார்கள். மதுரை மிஷனில் இருந்தவர்கள் போர்ச்சுகல் ஆட்சி எல்லைக்கு வெளியே, நாயக்கர்களுக்குப் பின் நவாபின் ஆட்சிப் பகுதியில் இருந்ததால் தப்பினார்கள். ஆனால் லிஸ்பனில் இருந்து வர வேண்டிய ஆளும் பணமும் நின்றுவிட்டது. 1773ல் திருத்தந்தை பதினான்காம் கிளமெண்ட் சபையையே கலைத்தார். ஒருவர் பின் ஒருவராக வயதாகி இறந்துபோக, இடத்தை நிரப்ப யாரும் வரவில்லை. 1814ல் சபை மீண்டும் உயிர்பெற்று, 1830களின் இறுதியில் பிரெஞ்சு சேசு சபையார் மதுரைக்கு வந்து, அப்புறம்தான் 1844ல் நாகப்பட்டினத்தில் கல்லூரி. என் முதல் வருடக் கேள்விக்கான விடையின் ஒரு முனை இந்த முற்றத்தில் இருக்கிறது.

மதியம் ஒட்டியுள்ள தூய ஆவி தேவாலயம். 1566ல் தொடங்கி 1574 வாக்கில் முடித்தது. முன்னால் வளைவுகள் வைத்த முகமண்டபம், உள்ளே தூண் இல்லாத ஒரே கூடம், இரண்டு பக்கமும் சிற்றாலயங்கள். பின்வரிசையில் உட்கார்ந்தவருக்கும் பிரசங்கம் கேட்க வேண்டும், பலிபீடம் தெரிய வேண்டும் என்பதற்காக இப்படி. ரோமில் சபையின் தலைமைத் தேவாலயமான ஜெசுவுக்கே 1568ல்தான் வேலை ஆரம்பித்தது. இதில் எனக்கு ஒரு பெருமை ஏன் வருகிறது என்று தெரியவில்லை, வந்தது.

சாயங்காலம் மறுபடி அந்த அறைக்குப் போனேன். அதே காகிதம், வேறு தேர்வு.

பிப்ரவரி 9, வெள்ளி

நேற்று ராத்திரி எழுத விட்டுப்போனது: 1759க்குப் பிறகு இந்தக் கட்டடம் எப்படிப் பிழைத்தது என்பது. பழைய கோவாவில் புனித பவுல் கல்லூரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே இப்போது நிற்பது ஒரு வாசல் வளைவு மட்டும். மக்காவ் நகரில் தேவாலயத்தின் முகப்பு மட்டும், 1835 தீயில் மற்றதெல்லாம் போய்விட்டது. எவோராவில் முழுசாக நிற்கக் காரணம், இதைக் காலியாக விடவில்லை. 1836ல் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லம் இங்கே வந்தது. 1841ல் ஊரின் உயர்நிலைப் பள்ளி. நாவலாசிரியர் வெர்ஜீலியோ ஃபெரைரா 1945 முதல் 1959 வரை அந்தப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். 1973ல் அரசு இங்கே பல்கலைக்கழக நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, 1979ல் அது எவோரா பல்கலைக்கழகம் ஆனது. சேசு சபையார் கையில் இல்லை, அரசுப் பல்கலைக்கழகம். ஆனால் அதே அறைகள். கூரை ஒழுகினால் சரிசெய்ய எப்போதும் உள்ளே யாரோ இருந்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஓடி விளையாடிய தாழ்வாரம் என்பதால் ஓடுகளுக்குக் கீறல்கள் உண்டுதான், ஆனாலும் இருக்கின்றன.

இன்று காலை ஊருக்கு வெளியே, மதிலைத் தாண்டி வடக்கே இரண்டு கிலோமீட்டர் நடந்தேன், வால்போம் பண்ணைக்கு. பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஓய்வெடுக்க 1580 வாக்கில் சேசு சபையார் கட்டிய வீடு. பறிமுதலான பிறகு 1776ல் அது திராட்சை ஆலை ஆகியிருக்கிறது, இன்று பெயர் பெற்ற ஒயின் கூடம். பக்கத்திலேயே கார்த்தூசியன் மடம், பேசா விரதத் துறவிகள் இருந்த இடம், கடைசித் துறவிகள் 2019ல்தான் கிளம்பிப் போனார்கள். பழைய சுவர்கள் தடிமனாக, உள்ளே நல்ல குளுமை. ஒயின் ஊறுவதற்கும் அதுதான் வேண்டும். சுற்றிக் காட்டிய இளைஞர் மாமூலாகத் தொடங்கினார், நான் சேசு சபை பற்றிக் கேட்கக் கேட்க அவருக்கும் உற்சாகம் வந்து, பாதையை விட்டு வெளியே அழைத்துப் போய்ப் பழைய சுவர் எது, புதியது எது என்று தட்டிக் காட்டினார்.

திரும்பும் வழியில் பொது நூலகத்தையும் வெளியில் இருந்து பார்த்தேன். கதீட்ரலுக்குப் பக்கத்தில், 1805ல் பேராயர் செனாக்குலோ தொடங்கியது. பொம்பாலின் கல்விச் சீர்திருத்தத்தில் கூட வேலை செய்தவர் அவர். எவோராவின் பெரிய நூலகம் அவர் தொடங்கியதாக இருப்பதில் எனக்குச் சின்ன வருத்தம் இருந்தது. ஆனால் நூலகம் நல்ல நூலகம், ஊரே பயன்படுத்துகிறது, கோபம் நிற்கவில்லை.

மதியம் மூன்று மணி வாக்கில் கடைசி முறையாகப் பல்கலைக்கழகம். ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டே முற்றத்தைக் கடந்து அந்த அறைக்குப் போனேன். கதவு மூடியிருந்தது. காகிதத்தில் இன்றைய தேதி போட்டு அமைதி காக்கவும் என்று எழுதியிருந்தார்கள், அந்த அளவு போர்ச்சுகீசு இப்போது படிக்க வந்துவிட்டது. எதிரே தூண் ஓரத்தில் உட்கார்ந்து காத்திருந்தேன். உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம், யாரோ இருமல், மறுபடி அமைதி. நாலு மணிக்கு ஒரு பையன் மட்டும் வெளியே வந்தான், விரல் முழுக்க மை. கதவு மூடுவதற்குள் உள்ளே சுவரில் ஒரு துண்டு நீலம் தெரிந்தது, ஒரு கை, கையில் கவராயம். அதற்குக் கீழே வரிசையாகக் குனிந்த தலைகள். எழுந்து சத்தம் வராமல் பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.